கொச்சியின் யூதத் தெருவில் எமது முதல் மூன்று நாட்கள்

தம்பலகாமத்திலிருந்து பதினான்கு பெண்கள் இவ்வருடத் தொடக்கத்தில் கேரளத்திற்குப் போய் வந்தோம். பத்து நாள் பயணம். கேரள அரசு 1998 இல் ஆரம்பித்த 'குடும்பஸ்ரீ' என்ற மகளிர் திட்டத்தின் அயற்கூட்டங்களைப் பார்த்து, அவர்கள் எப்படிச் சேமிக்கிறார்கள், எப்படித் தொழில் செய்கிறார்கள் என்று அறிவதே பயணத்தின் முக்கிய நோக்கம். ஆனால் முதல் மூன்று நாட்களையும் வேறொரு காரியத்திற்காக ஒதுக்கினோம். கொச்சியிலும் அதைச் சுற்றியும் வாழ்ந்த யூத மக்களின் தெருக்களையும் ஆலயங்களையும் பார்ப்பதுதான் அந்தக் காரியம். அந்த மூன்று நாட்களையும் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இதை ஊரில் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். "யூதரைப் பார்க்க ஏன் பிள்ளையள் கொச்சிக்குப் போறியள்? எங்கட பிரச்சினை போதாதோ?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எமது மாதர் சங்கம் இரண்டு வருடங்களாக ஓர் ஊர் நினைவுப் புத்தகம் எழுதவேண்டுமென்று யோசித்து வருகிறது. 1985 இலும் 1990 இலும் இடம்பெயர்ந்தோம். சிலர் படகேறித் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனார்கள். சிலர் காடுகளிலும் கோயில் மண்டபங்களிலும் இருந்தார்கள். திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையில்லை. பல குடும்பங்கள் திரும்பவேயில்லை. யார் வளவு எது, யார் வெட்டிய கிணறு எது என்று சொல்லக்கூடிய மூத்த பெண்கள் ஒவ்வொருவராகக் கண்மூடுகிறார்கள்.

ஆயிரம் வருடங்களுக்குக் குறையாமல் ஓரிடத்தில் வாழ்ந்து, இன்று அங்கே ஆளே இல்லையென்று சொல்லுமளவுக்குக் குறைந்துபோன மக்கள் கொச்சி யூதர்கள். ஆனாலும் அவர்களின் நினைவு அழியவில்லை. அதை யார் காப்பாற்றினார்கள், எப்படிக் காப்பாற்றினார்கள் என்று பார்க்கவே போனோம்.

எங்கள் குழுவில் இருபத்துமூன்று வயதுத் தங்கையும் இருந்தாள், எழுபத்தொரு வயதுப் பெரியம்மாவும் இருந்தார். முள்ளிப்பொத்தானையிலிருந்து இரண்டு ராத்தாமார் சேர்ந்துகொண்டார்கள். ஒன்பது பேருக்கு இதுவே முதல் பாஸ்போட். இரவுப் புகையிரதத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் ஏறினால் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் கொச்சி. தம்பலகாமத்திலிருந்து கொழும்புக்குப் போன நேரத்தில் கால்வாசிகூட இல்லை.

முதலாம் நாள்: மட்டாஞ்சேரி

கொச்சியில் இறங்கியதும் எல்லோருக்கும் ஏற்பட்ட எண்ணம், வேறு நாட்டிற்கு வந்ததாகத் தெரியவில்லை என்பதுதான். தென்னையும் வாழையும் உப்புக் காற்றும் மீன் வாசமும் எமக்குப் பழக்கமானவை. மொழியும் மெதுவாகக் கதைத்தால் பாதி விளங்கியது.

மட்டாஞ்சேரி பழைய துறைமுகப் பகுதி. மிளகு, ஏலம், இஞ்சி விற்ற பண்டகசாலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பல இப்போது பழம்பொருள் கடைகள். அங்கேதான் 'ஜூ டவுன்' என்று சொல்லப்படும் யூதத் தெரு இருக்கிறது. தெருவின் முடிவில் மணிக்கூட்டுக் கோபுரம். அதன் அருகே பரதேசி யூத ஆலயம். அயலிலுள்ளவர்கள் இதைப் 'பள்ளி' என்றே சொல்கிறார்கள். கேரளத்தில் தேவாலயமும் பள்ளி, பள்ளிவாசலும் பள்ளி, யூத ஆலயமும் பள்ளிதான்.

இந்த ஆலயம் 1568 ஆம் ஆண்டு கட்டப்பட்டது. அதற்கு முன்பு யூதர்கள் வடக்கே கொடுங்கல்லூரில் பெருமளவில் வாழ்ந்தார்கள். 16 ஆம் நூற்றாண்டில் நடந்த போர்களாலும் போர்த்துக்கேயரின் நெருக்குதலாலும் அங்கிருந்து வெளியேறி, கொச்சி அரசரிடம் அடைக்கலம் கேட்டார்கள். அரசர் தமது அரண்மனைக்கும் அரண்மனைக் கோயிலுக்கும் பக்கத்திலேயே நிலம் கொடுத்தார். இன்றும் கோயிலும் யூத ஆலயமும் ஒட்டியபடி நிற்கின்றன. 'பரதேசி' என்ற சொல் எமக்குத் தெரிந்ததுதான். ஸ்பெயினிலிருந்தும் போர்த்துக்கலிலிருந்தும் 1492 க்குப் பிறகு விரட்டப்பட்டு வந்தவர்களும், மேற்காசிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் பரதேசி யூதர் எனப்பட்டார்கள். அவர்களுக்கு முன்பே நூற்றாண்டுக் கணக்கில் அங்கே வாழ்ந்தவர்கள் மலபார் யூதர்.

1662 இல் ஒல்லாந்தர் கொச்சியைப் பிடிக்க வந்தபோது யூதர்கள் அவர்களுக்கு உதவினார்கள் என்று போர்த்துக்கேயர் இந்த ஆலயத்தைத் தாக்கி எரித்தார்கள். அடுத்த வருடம் ஒல்லாந்தர் கொச்சியைப் பிடித்த பிறகே அது திருத்தப்பட்டது. இதைக் கேட்டதும் பெரியம்மா, "அவங்கள்தானே எங்கட கோணேசர் கோயிலையும் இடிச்சவங்கள்" என்றார். உண்மைதான். 1620களில் திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்தவர்களும் போர்த்துக்கேயரே. அங்கிருந்து காப்பாற்றப்பட்ட திருவுருவங்களுக்காகவே எமது ஆதி கோணநாயகர் கோயில் எழுந்தது என்பது நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த வரலாறு. அதுவரை ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு நெருங்கி வந்து கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். உலகின் மற்ற இடங்களில் பெரும்பாலான யூதர்கள் அப்படிச் செய்வதில்லை. கேரளத்து வழக்கத்தை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நிலம் முழுவதும் சீனாவிலிருந்து 18 ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட வெள்ளை நீல ஓடுகள். கையால் சித்திரம் வரைந்தவை. மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். முன்பு அவற்றில் தேங்காயெண்ணெய் ஊற்றித் திரி கொளுத்துவார்களாம். எமது கோயிலின் தூண்டாமணி விளக்கைப் போல் அணையாத விளக்கொன்றும் உண்டு. நடுவே பித்தளைக் கம்பிகளால் சூழப்பட்ட மேடை. வேதச் சுருளை அங்கே வைத்து வாசிப்பார்கள். மாடியில் இன்னொரு மேடையும் உண்டு. அது கேரள யூத ஆலயங்களுக்கே உரிய அமைப்பு. அதற்குப் பின்னால், மரத்தடுப்புக்கு அப்பால், பெண்கள் இருக்கும் பகுதி.

இந்தச் சமூகத்துக்குள்ளும் மேல் கீழ் இருந்தது. அடிமைகளாயிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் சந்ததியினருக்குப் பரதேசி ஆலயத்தில் மற்றவர்களோடு சமமாக உட்கார இடமில்லை. அந்தக் குடும்பங்களில் பிறந்து சட்டத்தரணியான ஏ. பி. சேலம் (1882-1967) காந்தியின் வழியில் சத்தியாக்கிரகம் செய்து அந்த வழக்கத்தை எதிர்த்தார். 'யூதக் காந்தி' என்றே அவரைச் சொல்வார்கள். கடைசியில் தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின. விரட்டப்பட்டு வந்த மக்களே தமக்குள் சிலரை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது எங்களை யோசிக்கவைத்தது. முகாமில் தண்ணீர் அள்ளும் வரிசையில் யார் முன்னே யார் பின்னே என்று நடந்த சண்டைகள் எமக்கும் தெரியும்.

பெண்மக்கள் பெயரும் சேர்ந்த செப்பேடு

கொச்சி யூதரின் மிகப் பெறுமதியான உடைமை ஒரு செப்பேடு. ஏறத்தாழ கி.பி. 1000 இல் சேரமன்னர் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்தது. வட்டெழுத்தில், தமிழும் மலையாளமும் பிரியாத அக்காலத்து மொழியில் எழுதப்பட்டது. அவருக்கு எழுபத்திரண்டு உரிமைகள் வழங்கப்பட்டன. பகல்விளக்கு, குடை, வடுகப்பறை, காளம், தோரணம் போன்றவை அவற்றுட் சில. 'பாவாடை' என்றும் ஓர் உரிமை உண்டு. அதைக் கேட்டு எமது இளைய தங்கைமார் சிரித்தார்கள். நடந்துபோகும் வழியில் விரிக்கும் துணியைத்தான் அக்காலத்தில் பாவாடை என்றார்கள்.

எமக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அந்த உரிமைகள் அவருக்குப் பிறகு யாருக்குச் சேரும் என்று சொல்லுமிடத்தில், ஆண்மக்களோடு பெண்மக்களும் குறிப்பிடப்படுகிறார்கள். மருமக்களும், பெண்மக்களை மணந்த மருமகன்மாரும் குறிப்பிடப்படுகிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்திய அரசனின் பத்திரத்தில் மகளுக்கு இடமிருந்திருக்கிறது. எமது குழுவிலுள்ள மூன்று பேர், கணவர் இல்லாமற்போன பிறகு காணி உறுதியைத் தமது பெயருக்கு மாற்ற வருடக்கணக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறவர்கள். "அந்தச் செப்பேட்டின்ர படமொன்றைக் கொண்டுபோய்க் காட்டுவமே" என்று ஒருவர் பகிடியாகச் சொன்னார். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பில்லை.

சாறா கோகனின் தையற்கடை

ஆலயத்துக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு சிறிய தையற்கடை உண்டு. அது சாறா கோகன் என்ற யூதத் தாயின் கடை. பூவேலை செய்த மேசைவிரிப்புகள், ஓய்வுநாள் அப்பத்தை மூடும் துணிகள், யூத ஆண்கள் தலையில் வைக்கும் சிறு தொப்பிகள் ஆகியவற்றைக் கையால் தைத்து விற்றார். தெருவைப் பார்த்தபடி சன்னலோரம் உட்கார்ந்து தைக்கும் அவரை உலகின் பல நாட்டவர் வந்து பார்த்துப் படமெடுத்தார்கள். 2019 ஆகஸ்ட்டில், 96 ஆவது வயதில் அவர் காலமானார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வயது போன காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம் சகோதரர். சிறுவயதில் அந்தத் தெருவில் உல்லாசப் பயணிகளுக்குப் பொருள் விற்றுத் திரிந்தவர் அவர். சாறா அம்மாவிடம் பூவேலையும் கற்றார். அவர் போன பிறகும் கடையையும் அவருடைய பொருட்களையும் காத்து வந்திருக்கிறார்.

எமது ராத்தாமாரில் ஒருவர் கடைவாசலில் நின்று நெடுநேரம் அந்தத் தையலைப் பார்த்தார். பிறகு, "நம்மட ஊரிலயும் இப்படித்தானே இருந்த. வெள்ளாமை வெட்டுக்கு நீங்க வருவீங்க, பெருநாளுக்கு நாங்க பலகாரம் அனுப்புவம். நடுவுலதான் எல்லாம் கெட்டுப் போச்சு" என்றார். யாரும் மறுமொழி சொல்லவில்லை. எமது பகுதியில் 1980களிலும் 1990களிலும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரால் ஒருவர் பட்டதை எல்லோரும் அறிவோம். அன்றிரவு தங்குமிடத்தில் அதைப்பற்றிக் கதைத்தோம். புத்தகத்தில் இரு பகுதியார் கதையும் வரவேண்டும் என்று முதன்முதலாக முடிவெடுத்தது அன்றிரவுதான்.

இரண்டாம் நாள்: மீன்தொட்டிகளுக்குப் பின்னால்

காலையில் கோட்டைக் கொச்சியிலிருந்து படகில் எர்ணாகுளத்துக்குப் போனோம். அரசாங்கப் படகு, மிகக் குறைந்த கட்டணம். கிண்ணியாப் பாலம் வருமுன் பாதையில் ஏறிப் போன காலம் பலருக்கு நினைவு வந்தது.

எர்ணாகுளம் சந்தைத் தெருவில், கடைகளுக்கு நடுவே கடவும்பாகம் யூத ஆலயம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் செடிகளும் வளர்ப்பு மீன்களும் விற்கும் கடைதான் தெரியும். அந்தக் கடைக்குள் நுழைந்து, தண்ணீர்த் தொட்டிகளையும் பூச்சாடிகளையும் கடந்து போனால் பின்னால் ஆலயம். பெரும்பாலானோர் நாட்டைவிட்டுப் போன பிறகு வழிபாடு நின்றுபோனது. இங்கேயே தங்கிவிட்ட ஒரு யூதக் குடும்பத்தவர் அதன் முன்புறத்தில் கடை நடத்திக்கொண்டே கட்டடத்தைக் காப்பாற்றி வந்தார். பல வருடங்களுக்குப் பிறகு அது திருத்தப்பட்டு, 2018 இல் மீண்டும் வேதச் சுருள் வைக்கப்பட்டது. கோயில் வாசலில் கடை வைப்பதா என்று எங்களில் ஒருவர் முகஞ்சுளித்தார். "கடை இல்லாட்டிக் கோயிலும் இல்லை. வெறும் வளவென்றால் எவனாவது பிடிச்சிருப்பான்" என்று பெரியம்மா சொன்னார். வெறுமையாகக் கிடந்த வளவுகளுக்கு என்ன நடந்தது என்பதை எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வழிபாடு ஏன் நின்றது என்பதற்குக் காரணம் உண்டு. யூதரின் பழைய முறைப்படி, கூட்டு வழிபாடு நடக்கப் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பத்து ஆண்களாவது கூடவேண்டும். ஒன்பது ஆண்களும் ஐம்பது பெண்களும் இருந்தாலும் கணக்கு நிரம்பாது. இன்று உலகின் வேறு சில யூதப் பிரிவினர் பெண்களையும் அந்த எண்ணிக்கையில் சேர்க்கிறார்கள். கொச்சியில் அந்த வழக்கம் இருக்கவில்லை. ஆண்கள் குறையக் குறைய ஆலயங்கள் மூடின.

அன்று மதியம் சாப்பாட்டுக் கடையில் இதுவே கதை. எமது ஊரில் ஆண்கள் இல்லாமற்போன வருடங்களில் வயலில் இறங்கியது யார், வரம்பு கட்டியது யார், பிள்ளையை உப்புவெளிக்கும் கொழும்புக்கும் படிக்க அனுப்பியது யார் என்று ஒருவர் கேட்டார். "அப்பவும் கூட்டத்துக்கு ஆம்பிளையளைக் கூட்டி வாங்கோ எண்டுதானே சொன்னவை" என்று இன்னொருவர் சொன்னார். எண்ணிக்கையில் சேர்க்கப்படாதவர்கள்தான் எல்லாவற்றையும் தாங்கினார்கள். கொச்சியிலும் அப்படித்தான் நடந்தது என்பதை மூன்றாம் நாள் அறிந்தோம்.

சாப்பாட்டைப்பற்றியும் ஒரு செய்தி. யூதர்கள் இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சேர்த்துச் சமைக்கவோ சாப்பிடவோ மாட்டார்கள். அது அவர்களின் வேத விதி. கொச்சி யூதப் பெண்களுக்கு இது பெரிய தொல்லையாகவில்லை. தேங்காய்ப்பால் பாலல்லவே! இறைச்சிக் கறிக்கும் மீன் கறிக்கும் தேங்காய்ப்பால் விட்டார்கள். பாஸ்காப் பண்டிகை வந்தால் வாரக்கணக்கில் வீட்டைக் கழுவி, வெள்ளையடித்து, கிணறு இறைத்து, அரிசியைத் தனியாகப் புடைத்துப் பொறுக்கி வைப்பார்கள். உலர்ந்த முந்திரிகையை அவித்துப் பண்டிகைக்கான வைனும் செய்வார்கள். மணமகளுக்குத் தாலியும் உண்டு.

மூன்றாம் நாள்: பறவூரும் சேந்தமங்கலமும்

எர்ணாகுளத்திலிருந்து வடக்கே பஸ்ஸில் ஒரு மணித்தியாலமளவு போனால் பறவூர். அங்கே 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட யூத ஆலயம் இப்போது அரசாங்கத்தின் முசிறித் திட்டத்தில் அருங்காட்சியகமாகத் திருத்தப்பட்டிருக்கிறது. தூண்கள் வரிசையாக நிற்கும் நீண்ட நடைபாதை வழியாக உள்ளே போகவேண்டும். பெண்கள் மாடிக்கு ஏறத் தனிப் படி உண்டு. முசிறி என்பது சங்கத் தமிழரும் பாடிய பழைய துறைமுகம். 1341 இல் பெரியாற்றில் வந்த வெள்ளத்தால் அந்தத் துறை தூர்ந்து கொச்சித் துறைமுகம் உருவானதாகச் சொல்வார்கள்.

பறவூரிலிருந்து சில கிலோமீற்றரில் சேந்தமங்கலம். சின்னக் கிராமம். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், யூத ஆலயம் நான்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. யூத ஆலயத்தில் இப்போது வழிபாடு இல்லை. அவர்களின் வரலாற்றைச் சொல்லும் கண்காட்சி இருக்கிறது.

ஆலயத்தின் முன்னால் ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. எபிரேய எழுத்தில் பொறித்தது. அதில் உள்ள பெயர் சாறா, இஸ்ரவேலின் மகள். ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறைக் கற்களில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். இந்தச் சாறா யார், என்ன செய்தாள், எத்தனை பிள்ளை பெற்றாள் என்று ஒன்றும் தெரியாது. ஆனால் எழுநூற்றைம்பது வருடங்களுக்குப் பிறகு தம்பலகாமத்திலிருந்து வந்த பதினான்கு பெண்கள் அவளுடைய பெயரைச் சொன்னோம்.

எங்கள் குழுவில் மகனைத் தேடிக்கொண்டிருக்கும் தாய் ஒருவர் இருக்கிறார். 2007 இல் வீட்டைவிட்டுப் போன பிள்ளை. எந்தப் பட்டியலிலும் பெயரில்லை. அவர் அந்தக் கல்லின் முன் சற்று நேரம் நின்று, "ஒரு கல்லுக்கும் வழியில்லாமப் போச்சே எனக்கு" என்று மெல்லச் சொன்னார். இருபத்துமூன்று வயதுத் தங்கை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் யாரும் ஆறுதல் சொல்ல முனையவில்லை. இந்த இதழை வாசிக்கும் பலருக்கு அந்த நேரத்தில் சொல்லக்கூடிய சொல் எதுவுமில்லை என்பது தெரியும்.

சேந்தமங்கலத்தில் இன்னொன்றும் பார்க்கவேண்டும். அது கைத்தறிக்குப் பேர்போன ஊர். தறியில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் தறிகளும், ஓணப் பண்டிகைக்காக நெய்து வைத்த சேலைகளும் சேற்றில் மூழ்கின. எரிக்கவேண்டிய நிலையிலிருந்த அந்தத் துணிகளைக் கழுவி வெட்டி, கறை தெரியும்படியே சிறு பொம்மைகள் செய்தார்கள். 'சேக்குட்டி' என்று பெயர். சேற்றிலிருந்து தப்பிய பிள்ளை என்ற கருத்தில் வைத்த பெயர். பெருந்தொகையான தொண்டர்கள் சேர்ந்து செய்து விற்று, பணம் நெசவாளரைச் சென்றடைந்தது. எமது தையற் பிரிவினர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

பாட்டுக் கொப்பிகள்

இனி இந்தப் பயணத்தில் எமக்குக் கிடைத்த முக்கியமான பாடத்துக்கு வருகிறேன். கொச்சி யூதரின் வேதமொழியான எபிரேயத்தில் ஆலய வழிபாட்டை நடத்தியவர்கள் ஆண்கள். ஆனால் வீட்டுமொழியான மலையாளத்தில் பாட்டுகளைப் பாடி வந்தவர்கள் பெண்கள். கல்யாணப் பாட்டு, பிள்ளைப்பேற்றுப் பாட்டு, வேதக் கதைப் பாட்டு, தமது ஊர் ஆலயம் கட்டிய கதையைச் சொல்லும் பாட்டு என்று எத்தனையோ. தாயிடமிருந்து மகள் கேட்டாள். கேட்டதைக் கொப்பியில் கையால் எழுதி வைத்தாள். அடுத்த தலைமுறை அதைப் பார்த்துப் புதிய கொப்பியில் எழுதியது. வெளியூர்களில் பெண்கள் ஆண்கள் முன்னால் பாடக்கூடாது என்று யூத மதக் கட்டுப்பாடு இருந்தாலும், கொச்சியில் பெண்கள் எல்லோர் முன்னிலையிலும் பாடினார்கள்.

நாட்டைவிட்டுப் போனபோது இந்தக் கொப்பிகளையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். பிற்காலத்தில் கேரளப் பேராசிரியர் ஸ்கறியா சக்கரியா, அமெரிக்க ஆய்வாளர் பார்பரா ஜோன்சன் முதலியோர் கொப்பிகளைத் தேடி ஒன்றுதிரட்டினார்கள். 2005 இல் மலையாளத்திலும் எபிரேயத்திலும் பாட்டுகள் புத்தகமாக ஜெருசலேமில் வெளிவந்தன. மறந்துபோன மூதாட்டிகள் மீண்டும் கூடிப் பாடினார்கள்.

அவர்களில் ஒருவர் ரூபி டானியேல். 1912 இல் கொச்சியில் பிறந்தவர். ஆலயத்தில் சமமாக உட்கார இடம் மறுக்கப்பட்ட அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து பணியாற்றினார். 1951 இல் இஸ்ரேலுக்குப் போனார். வயது போன காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1995 இல், எண்பது வயது கடந்தபின், பார்பரா ஜோன்சனுடன் சேர்ந்து தமது வாழ்க்கை நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். பாட்டி சொன்ன கதைகள், பண்டிகைச் சமையல், தெருச் சண்டை, பாகுபாடு என்று எல்லாம் அதில் இருக்கின்றன. எண்ணிக்கையில் சேராத பெண்களிடமிருந்தே அந்தச் சமூகத்தின் கதையில் பெரும்பங்கு உலகுக்குக் கிடைத்தது.

போனவர்களும் இருப்பவர்களும்

கொச்சி யூதர்களை யாரும் விரட்டவில்லை. இதை அங்கே எல்லோரும் பெருமையோடு சொல்கிறார்கள். 1940களில் அவர்கள் சுமார் 2,400 பேர். இஸ்ரேல் உருவான பிறகு, வேதத்தில் சொன்ன நாடு என்ற விருப்பத்தோடு பெரும்பாலானோர் 1950களில் புறப்பட்டார்கள். புறப்பாடும் சுகமானதாயிருக்கவில்லை. யானைக்கால் நோய் பரவுமென்ற பயத்தில் இஸ்ரேல் அதிகாரிகள் தாமதித்தார்கள். வீடு வாசலை விற்றுவிட்டுக் காத்துக் கிடந்தவர்கள் பலர். போன பிறகு, தென்னையும் தண்ணீரும் கண்டு வளர்ந்தவர்களில் ஒரு பகுதியினரை நெகேவ் வரண்ட நிலத்தில் நெவாதிம் என்ற கிராமத்தில் குடியேற்றினார்கள். அங்கே கமம் செய்யப் பழகி, பிற்காலத்தில் பூ வளர்த்து ஏற்றுமதி செய்தார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்த நாட்டில் 1948 யுத்தத்தின்போது ஏழு இலட்சம் அளவிலான பலஸ்தீன மக்கள் வீடிழந்து அகதிகளானார்கள் என்பதையும் நாம் மறக்கவில்லை. அன்றிரவு ராத்தா அதை எடுத்துச் சொன்னபோது எல்லோரும் ஆமென்றோம். வீட்டுத் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஓடிய எமக்கு, எந்தப் பெண்ணின் திறப்பும் ஒன்றுதான்.

மட்டாஞ்சேரிப் பரதேசி யூதரில் கடைசிப் பெண்மணி என்று அறியப்பட்ட குயீனி ஹலேகுவா 2024 ஆகஸ்ட்டில் காலமானார். பரதேசி ஆலயம் திறந்திருக்கிறது. மட்டாஞ்சேரியிலேயே இருந்த கடவும்பாகம் ஆலயத்தின் மரவேலைப்பாடுகள் ஜெருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. எஞ்சிய கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்தது. அதே தெருப்பக்கம் இருந்தும் ஒன்று நிற்கிறது, ஒன்று விழுகிறது. பார்க்க ஆளிருந்தது நிற்கிறது.

ஊர் திரும்பிச் செய்வது

மூன்றாம் நாள் இரவு பதினான்கு பேரும் வட்டமாயிருந்து நான்கு தீர்மானங்கள் எடுத்தோம். நீங்களும் உங்கள் ஊரில் செய்யலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஒன்று, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி. மூத்த பெண்கள் சொல்லும் தாலாட்டு, ஒப்பாரி, அருவிவெட்டுப் பாட்டு, கும்மி ஆகியவற்றை அவர்கள் சொல்கிறபடியே, ஊர்ப்பேச்சிலேயே, பேத்திமார் எழுதவேண்டும். திருத்தக்கூடாது. சொன்னவர் பெயர், வயது, திகதி அவசியம்.

இரண்டு, வளவுகளின் பட்டியல். 1985 க்கு முன் யார் எங்கே இருந்தார்கள், இன்று எங்கே இருக்கிறார்கள் என்று ஒழுங்கை ஒழுங்கையாக எழுதவேண்டும். முஸ்லிம் வீடுகளும் சேரவேண்டும்.

மூன்று, பெயர்ப் பக்கம். 1998 பெப்ரவரி முதலாம் திகதி எமது பாரதிபுரத்தில் கொல்லப்பட்ட எட்டுப்பேர் தொடக்கம், இறந்தவர்கள், காணாமற்போனவர்கள் எல்லோரின் பெயரும் வரவேண்டும். சேந்தமங்கலத்துச் சாறாவுக்கு ஒரு கல் இருப்பதுபோல் இவர்களுக்கு ஒரு பக்கமாவது இருக்கட்டும். மகனைத் தேடும் அம்மா இதற்கு முதலில் சம்மதிக்கவில்லை. "செத்தவையோட என்ர பிள்ளையின்ர பெயரை எழுதாதேங்கோ" என்றார். ஆகவே காணாமற்போனவர்களுக்குத் தனிப் பக்கம், அதில் திகதிக்குப் பக்கத்தில் வெற்றிடம் விடுவது என்று முடிவாயிற்று. அந்தப் பக்கத்தை எழுதும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார்.

நான்கு, கொப்பிகளுக்குப் பிரதி. ஒன்று வீட்டில், ஒன்று சங்கத்தில், ஒன்று வெளிநாட்டிலுள்ள உறவினரிடம். வெள்ளமும் தீயும் யுத்தமும் ஓரிடத்தில் இருப்பதை அழித்துவிடும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வெள்ளி, சனி நாட்களிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் பரதேசி ஆலயத்தில் பார்வையாளருக்கு அனுமதியில்லை. நுழைவுக் கட்டணம் சிறியது. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். எமது சேலையும் சல்வாரும் போதும். ஆனி முதல் ஆவணி வரை கடும் மழை. மார்கழி, தை, மாசி நல்ல காலம். மூத்தவர்களைக் கூட்டிப் போனால் ஒரு நாளைக்கு ஓரிடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

நாலாம் நாள் காலை குடும்பஸ்ரீ அயற்கூட்டம் ஒன்றுக்குப் போனோம். பெண்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை, கணக்குக் கொப்பி, கடன் வட்டி எல்லாம் விபரமாகக் கேட்டோம். அதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.